பழைய கம்ப்யூட்டரை மாற்றும் முன் பாமினியை மாற்றுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்தச் சாலை நெடுகிலும் இருக்கும் டிசைன் கடைகளுக்கு இது சின்னச் செய்தி இல்லை. கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சபை ஆண்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்களில்தான் உருவாகின்றன. சில வேலை தமிழில், சில வேலை மலையாளத்தில். ஒரே கார்டில் இரண்டும் வருவதும் உண்டு.

இனி என்ன செய்வது, புது விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். லினக்ஸில் எல்லாமே இலவசம் என்கிறார் ஒருவர். லினக்ஸில் ஃபோட்டோஷாப்பே ஓடாது என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இந்தப் பகுதிக் கடைகளை ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருப்பது ஃபோட்டோஷாப்பைவிட வேறொரு பொருள். அது எழுத்துரு (ஃபான்ட்), குறிப்பாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதை அவிழ்க்காமல் எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் பாதி வேலை பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும்.

## முடிந்தது என்ன

இயங்குதளம் என்பது கம்ப்யூட்டரின் வன்பொருளுக்கும் நாம் திறக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேச வைக்கும் அடித்தளம். விண்டோஸ், ஆப்பிளின் மேக்ஓஎஸ், லினக்ஸ் மூன்றும் அப்படிப்பட்டவை. ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை மைக்ரோசாஃப்ட் இனி அடைக்காது, அவ்வளவுதான்.

டிசைன் கடைக்கு இந்த ஓட்டை மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் பென்டிரைவ் செருகப்படும் இடம் அது. வாட்ஸ்அப் வெப் எந்நேரமும் திறந்தே இருக்கும். கிராக் செய்த மென்பொருளும் சேர்ந்துவிட்டால், கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸுக்கு வாசலைத் திறந்து வைத்தது போல. பத்து வருடக் கல்யாணக் கார்டுகள் ஒரே ஹார்டு டிஸ்கில், இன்னொரு பிரதி எங்கும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் ஒரு பேக்கப் எடுப்பது நல்லது.

உடனே பதற வேண்டாம். நீட்டித்த பாதுகாப்பு என்று ஒரு ஏற்பாடு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கம்ப்யூட்டரின் அமைப்புகளைப் பேக்கப் செய்தால் இலவசமாகவோ, இல்லையென்றால் 30 டாலர் கட்டியோ 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். யோசித்து மாறுவதற்கு அது அவகாசம் தரும்.

விண்டோஸ் 11-க்கு நேராகப் போய்விடலாமே என்றால், பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அதை ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ள புராசஸர் வேண்டும். மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 வைத்திருப்பவர்கள் முறைப்படி உள்ளே போக முடியாது. குறுக்கு வழியில் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வருமென்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

## ஒரு கார்டுக்குள் ஐந்து அடுக்கு

இயங்குதளத்தை மாற்றுகிறோம் என்று சொல்லும்போது உண்மையில் ஐந்து விஷயங்களை ஒரே நேரத்தில் அசைக்கிறோம்.

1. இயங்குதளம்.
2. அதன் மேல் ஓடும் மென்பொருள்: பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் முதலியவை.
3. அந்த மென்பொருள் சேமித்து வைத்த கோப்பு.
4. கோப்புக்குள் இருக்கும் எழுத்துரு, அதன் குறியாக்கம்.
5. கடைசியில் இருக்கும் சாதனம்: பிரின்டர், ஃபிளெக்ஸ் மெஷின், சிவகாசியில் பிளேட் போடும் அச்சகம்.

முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கடைக்காரர் இடறி விழுவது கடைசி மூன்றில். அதனால் நான்காவதிலிருந்து தொடங்கலாம்.

## பாமினி எப்படிப் பூட்டாகிறது

குறியாக்கம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்த பட்டியல். கம்ப்யூட்டருக்கு எண் மட்டுமே தெரியும். யூனிகோடு பட்டியலில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் உண்டு. உலகம் முழுக்க அதே எண்தான். தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு முறையையும் ஏற்றுக்கொண்டது.

பாமினி அதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு. அதில் தமிழ் எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்தின் எண்ணையே எடுத்துக்கொண்டு, அதற்குரிய படத்தை மட்டும் தமிழாக வரைந்து வைத்திருக்கிறார்கள். 'தமிழ்' என்று பாமினியில் அடித்தால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது சின்ன ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் கொக்கி, ஓ என்பது ழ, அரைப்புள்ளிதான் மெய்யின் மேல் வைக்கும் புள்ளி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது அர்த்தமில்லாத ஓர் ஆங்கிலச் சொல். பாமினி எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ், இல்லாவிட்டால் குப்பை.

இதனால் என்னென்ன ஆகும் என்று பாருங்கள்.

1. புதிய கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாமே ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.
2. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் சில மென்பொருள்களில் உண்டு. சின்ன ஜே பெரிய ஜே ஆகிவிட்டால் பாமினியில் த என்பது து ஆகிவிடும். 'தமிழ்' அங்கே 'துமிழ்'. இதே போல ம முவாகும், க குவாகும். மணமகன் பெயர் இப்படித் தவறி அச்சாகி, ஆயிரம் கார்டை மறுபடி போட்டுக் கொடுப்பது எப்பேர்ப்பட்ட இழப்பு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.
3. கோப்புகளுக்குள் தேட முடியாது. போன வருடம் அடித்த அதே குடும்பத்தின் கார்டை, கோப்பின் பெயர் நினைவில் இருந்தால்தான் எடுக்க முடியும்.
4. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விவரம் யூனிகோடில் வரும். அதை அப்படியே ஒட்ட முடியாது. யூனிகோடைப் பாமினியாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கிறோம். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று அடி. யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி ஒன்று. கொம்பை இடப்பக்கத்திலும் காலை வலப்பக்கத்திலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. இந்த வேலையைப் பழைய ஃபோட்டோஷாப்பும் பழைய கோரல்டிராவும் செய்யாது. யூனிகோடில் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினியை நம் கடைக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. அன்றைக்கு வேறு வழியே இல்லை. இன்று இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிராவின் புதிய பதிப்புகளும் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள்களும் யூனிகோடு தமிழைச் சரியாகவே காட்டுகின்றன. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பாமினி எழுத்துருக் கோப்பு லினக்ஸிலும் மேக்கிலும் ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிடிஎஃப் வகை எழுத்துரு எந்த இயங்குதளத்துக்கும் பொது. பழைய கோப்பைக் காட்டுவதற்கு அது போதும். அதில் அடிப்பதுதான் சிரமம். தமிழில் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் விண்டோஸுக்கானவை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைகள் எல்லாம் கிடைக்கும். ஆனால் அவை தருவது யூனிகோடு மட்டும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துரு வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் அந்த வகைக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அவர்கள் விண்டோஸிலேயே இருந்தாலும் புதிய அடோபிக்குப் போகும்போது எழுத்துருவை மாற்றித்தான் ஆக வேண்டும்.

## மலையாளப் பக்கம் இன்னும் ஒரு முடிச்சு

சாலைக்கு அந்தப் பக்கத்துக் கதையும் இதேதான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் ஐஎஸ்எம் மென்பொருளோடு வந்த கார்த்திகா, ரேவதி போன்ற எழுத்துருக்கள் மலையாளத்தின் பாமினி என்று வைத்துக்கொள்ளலாம். யூனிகோடுக்கு வந்த பிறகு மலையாளத்தில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ன்', 'ர்', 'ல்' போன்ற ஒலிகளுக்கு அவர்கள் பயன்படுத்தும் சில்லு எழுத்துகளுக்கு 2008-ல்தான் யூனிகோடில் தனி எண் வந்தது. அதற்கு முன் அவை வேறு எழுத்துகளைக் கோத்து உண்டாக்கப்பட்டன. ஆகவே கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பெயர் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

இந்த முடிச்சை ஒரு நாளிதழே அவிழ்த்துக் காட்டியிருக்கிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலையாள நாளிதழான ஜனயுகம் 2019-ல் தன் பக்க வடிவமைப்பு முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. குபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ், பக்கத்துக்கு ஸ்கிரைபஸ், படத்துக்கு ஜிம்ப்பும் கிரிட்டாவும், வரைபடத்துக்கு இங்க்ஸ்கேப். தினமும் இரவு குறித்த நேரத்துக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய ஓர் இடத்தில் இது நடந்திருக்கிறது என்பது நமக்கு முக்கியம். அவர்கள் இயங்குதளத்தை மட்டும் மாற்றவில்லை. பழைய குறியாக்கத்தை விட்டு யூனிகோடுக்கு வந்தார்கள், அதற்கான எழுத்துருக்களை உருவாக்கினார்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

மலையாளக் கணிமைக்காக உழைக்கும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு பழைய மலையாளக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற 'பய்யன்ஸ்' என்ற கருவியை எழுதியிருக்கிறது. மஞ்சரி, ரச்சனா, மீரா போன்ற எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. அதே குழுவிடமிருந்து 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவும் வந்திருக்கிறது. கேரளத்தில் தமிழுக்காக வரைந்த எழுத்துரு. இந்த எல்லைப்பகுதிக் கார்டுகளில் அதை ஒரு முறையாவது பயன்படுத்திப் பாருங்கள் என்று ஆசையோடு சொல்வேன். தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகக் கொடுக்கிறது.

## எந்த மென்பொருள் எங்கே ஓடும்

1. பேஜ்மேக்கர்: 2001-ல் வந்த 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு. அடோபி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. விண்டோஸில் இன்னும் ஓட்டுகிறார்கள். இன்றைய மேக்கில் ஓடாது.
2. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன்: விண்டோஸும் மேக்கும் மட்டும். 2013 முதல் புதிய பதிப்புகள் சந்தா முறையில். லினக்ஸுக்கு அடோபி இவற்றைத் தருவதில்லை.
3. கோரல்டிரா: விண்டோஸ், 2019 முதல் மறுபடியும் மேக். 2000-ல் லினக்ஸுக்கு ஒரு பதிப்பு வந்தது, தொடரவில்லை.
4. எடியஸ்: கல்யாண வீடியோக்காரர்கள் விரும்பும் இது விண்டோஸில் மட்டும்.
5. டாவின்சி ரிசால்வ்: மூன்றிலும் உண்டு. ஆனால் லினக்ஸின் இலவசப் பதிப்பு, கேமராக்கள் பொதுவாகத் தரும் எச்.264 வீடியோவைத் திறக்காது. வேறு வடிவத்துக்கு மாற்றிய பிறகே வெட்ட முடியும்.
6. இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ், கிரிட்டா, பிளெண்டர்: மூன்றிலும் இலவசம்.

ஆறாவது வரியை ஊன்றிப் பார்க்க வேண்டும். இந்த இலவச மென்பொருள்கள் விண்டோஸிலும் ஓடும். லினக்ஸுக்குப் போகலாமா என்று யோசிப்பவர் லினக்ஸ் போடாமலே, இப்போதிருக்கும் விண்டோஸிலேயே இவற்றை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். மென்பொருள் கைக்கு வந்துவிட்டால் அடியிலிருக்கும் இயங்குதளம் மாறுவது பெரிய விஷயமாகத் தெரியாது.

லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட வைன் என்று ஒன்று உண்டே என்பார்கள். உண்டு. 1993-லிருந்து வளர்ந்து வரும் நல்ல முயற்சி அது. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகள் சில அதில் ஓடுகின்றன. இன்றைய சந்தாப் பதிப்புகளை நம்பி அதில் கடை நடத்த முடியாது. இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் இறப்பு என்று போன் வருகிறது, விடிவதற்குள் ஃபிளெக்ஸ் கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் மென்பொருள் திறக்காமல் நின்றால் காரணம் கேட்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஓடும் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும்தான் கடையின் முதன்மைக் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும்.

## பழைய கோப்புகள் திறக்குமா

திறக்கும், ஆனால் சேதாரத்தோடு. பேஜ்மேக்கர் கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 வரை நேரடியாகத் திறக்கும். அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறக்காது. ஸ்கிரைபஸும் லிப்ரே ஆபிஸ் டிராவும் பேஜ்மேக்கர் கோப்பை இறக்குமதி செய்யும். இங்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கும், ஆனால் நிழல், ஒளி ஊடுருவல் போன்ற அலங்காரங்கள் கலைந்து போகலாம். ஜிம்ப், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும்போது எழுத்தைப் படமாக மாற்றிவிடுவது வழக்கம். பெயரை மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஆல்பம் செய்பவர்களின் முதலீடே பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகள்தான். அவற்றில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டும், ஆக்‌ஷனும், பிளக்-இன்னும் என்று ஃபோட்டோஷாப்பை நம்பிய வசதிகள் பின்னிக் கிடக்கும். அந்த வேலைக்கு ஃபோட்டோஷாப்பைக் கைவிட வேண்டாம். அவர்களுக்குப் புதிய விண்டோஸ் அல்லது மேக்தான் பொருத்தம். மேக் என்றால், விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் சிப் உள்ள பழைய மேக்கை வாங்க வேண்டாம். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஒரு பிரச்சினையிலிருந்து தப்பி அதே பிரச்சினைக்குள் இறங்கியது போல ஆகிவிடும்.

## கறுப்பு மையின் கணக்கு

திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியால் நிறம் காட்டும். ஆப்செட் அச்சு நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் அச்சிடும். முதலாவது ஆர்ஜிபி, இரண்டாவது சிஎம்ஒய்கே.

இதில் டிசைனர் முதலில் பார்க்க வேண்டியது கறுப்பை. ஆர்ஜிபியில் கறுப்பாக அடித்த எழுத்தை அச்சுக்காக மாற்றும்போது அது நான்கு மையின் கலவையாகப் பிரிந்துவிடும். அதாவது ஒரே எழுத்து நான்கு பிளேட்டிலும் விழும். பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறச் சாயல் தெரியும். பெரிய தலைப்பில் கண்ணுக்குத் தெரியாது. கார்டின் அடியில் எட்டு பாயிண்டில் வரும் 'தங்கள் நல்வரவை நாடும்' வரியில்தான் தெரியும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சின்னது, நான்கு மை ஒன்றின் மேல் ஒன்று விலகினால் அது அடைபட்டு, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்று இருக்க வேண்டும்.

கோரல்டிராவிலும் இன்டிசைனிலும் இதைப் பழக்கமாகச் செய்துவிடுகிறோம். இங்க்ஸ்கேப் பிடிஎஃப் ஆகத் தருவது ஆர்ஜிபியில். ஜிம்ப் அடிப்படையில் ஆர்ஜிபி மென்பொருள். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் அச்சு நிறத்தைத் திரையில் பார்க்கவும் சில வடிவங்களில் சிஎம்ஒய்கே ஆக ஏற்றுமதி செய்யவும் முடிகிறது, ஆனாலும் முழுச் சிஎம்ஒய்கே வேலைக்கான இடம் அது இல்லை. ஸ்கிரைபஸ் அப்படியில்லை. தொடக்கத்திலிருந்தே அச்சுக்காகக் கட்டியது. சிஎம்ஒய்கே நிறம், பிடிஎஃப்/எக்ஸ் என்ற அச்சகத் தரம் இரண்டும் அதில் உண்டு. ஆகவே லினக்ஸில் கார்டு செய்பவர் ஓவியத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, படத்தை ஜிம்ப்பில் சரிசெய்து, எழுத்தை மட்டும் கட்டாயம் ஸ்கிரைபஸில் அடித்து, அங்கிருந்து பிடிஎஃப் எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கை மீறி எல்லாவற்றையும் இங்க்ஸ்கேப்பிலேயே முடித்து சிவகாசிக்கு அனுப்பினால், திரும்பி வரும் கார்டைப் பார்த்து 'லினக்ஸ் சரியில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பத்தடி தள்ளி நின்று பார்ப்பது, எழுத்தும் பெரிது.

## சாதனங்கள்

ஃபிளெக்ஸ் மெஷினை இயக்கும் ரிப் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கானது, அதற்கொரு டாங்கிளும் (உரிமத்தைச் சரிபார்க்க யுஎஸ்பியில் செருகும் சாவி) இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். டிசைன் செய்யும் கம்ப்யூட்டரிலிருந்து பிடிஎஃப் அல்லது டிஃப் கோப்பாகப் போனால் போதும். பழைய கேனன் எல்பிபி 2900 பிரின்டர் வைத்திருப்பவர்கள் லினக்ஸில் அதை இயக்கக் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும், மாறும் முன் சோதித்துக்கொள்ளுங்கள்.

## ஆள் விஷயம்

இந்த எல்லைக்கே உரிய வேடிக்கையான நிலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் பிளஸ் டூ 'கணினிப் பயன்பாடுகள்' புத்தகத்தில் பேஜ்மேக்கர் பாடம் உண்டு. கேரளப் பள்ளிகளிலோ அம்மாநிலக் கல்வித்துறையின் கைட் அமைப்பு லினக்ஸை வைத்திருக்கிறது. ஐசிடி என்ற தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பிள்ளைகள் இங்க்ஸ்கேப்பும் ஜிம்ப்பும் கற்கிறார்கள். களியக்காவிளையில் வேலைக்கு ஆள் தேடினால், மேற்கிலிருந்து வரும் பிள்ளைக்கு இங்க்ஸ்கேப் தெரிந்திருக்கும், கிழக்கிலிருந்து வருபவருக்குப் பேஜ்மேக்கர் தெரிந்திருக்கும். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கக் கிடைத்திருக்கும் வாய்ப்பு எல்லையில் இல்லாத மாவட்டக் கடைகளுக்குக் கிடையாது. லினக்ஸ் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

## எந்த வரிசையில் மாறுவது

1. முழு பேக்கப். இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று கடைக்கு வெளியே.
2. இன்றிலிருந்து புதிய வேலை எல்லாம் யூனிகோடில். பழைய கோப்புகளை ஒட்டுமொத்தமாக மாற்றப் போக வேண்டாம், அது முடியாத வேலை. மறுபடி கேட்டு வரும் கோப்பை மட்டும் அன்றன்று மாற்றினால் போதும். மாற்றியில் போட்ட பிறகு கொ, கோ, கௌ, ஸ்ரீ, எண்கள், மேற்கோள்குறி ஆகிய இடங்களைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
3. பாமினி குறியாக்கத்தில் மட்டுமே கிடைக்கும் அலங்கார எழுத்துருக்கள் சில இருக்கும். அவற்றைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் வரைவடிவமாக மாற்றிச் சேமியுங்கள். கர்வ் செய்யாத மூலக் கோப்பு ஒன்றையும் கூடவே வையுங்கள்.
4. மிக அதிகம் ஓடும் இருபது டெம்ப்ளேட்டுகளைப் புதிய மென்பொருளில் முதலிலிருந்து செய்யுங்கள். இறக்குமதி செய்து ஒட்டுப் போடுவதைவிட இது வேகம். கண்ணீர் அஞ்சலியும் முதலாண்டு நினைவஞ்சலியும் அதில் முதலாவதாக இருக்கட்டும். அவசர வேலைக்குத்தான் தயார் நிலை வேண்டும்.
5. ஒரு சிறிய கார்டை, அவசரமில்லாத ஒரு வேலையை, புதிய வழியில் செய்து அச்சகத்துக்கு அனுப்பி, வந்த பிரதியைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு பாயிண்ட் வரியின் புள்ளிகளைப் பார்ப்பது போதும்.
6. இதெல்லாம் முடிந்த பிறகு இயங்குதளம். கார்டும் நோட்டீஸும் ஃபிளெக்ஸும் மட்டும் செய்யும் சிறிய கடை, பழைய ஐ3 கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி ஒன்று போட்டு, எட்டு ஜிபி ரேமோடு லினக்ஸுக்கு நிம்மதியாகப் போகலாம். ஆல்பம், வீடியோ செய்பவர் புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்குவதே மேல். இரண்டும் செய்பவர் வேலைக்கொரு கம்ப்யூட்டராகப் பிரித்துக்கொள்ளலாம்.
7. பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் ஒன்றையாவது கொடுத்துவிட வேண்டாம். இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, பேஜ்மேக்கரோடும் பாமினியோடும் ஒரு மூலையில் வைத்திருங்கள். 2014-ல் மூத்த மகளுக்கு அடித்த கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இளைய மகளுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று ஒருவர் வருவார். அன்றைக்கு அதைத் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, சுத்தமான பென்டிரைவில் இந்தப் பக்கம் கொண்டு வந்தால் போதும்.